பதினாலு அங்குலம்

பிப்ரவரி 4

தங்கச்சிக்கு,

அக்கா எழுதறேன். இங்க நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். போன கடிதத்துல சளின்னு எழுதியிருந்தியே, விட்டுச்சா?

அப்பாவுக்கு இடுப்பு வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. வீட்டுக்குள்ள தடியைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறார். பின்வாசல்ல மூணு படி இருக்கில்ல, அதுல மட்டும் இறங்கறதில்லை. விழுந்ததுல இருந்து பயம். படிக்கு மேல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டு, "கொடியில துணி கோணலா கிடக்கு, வாளியை நிழல்ல வை"ன்னு அங்கிருந்தே என்னை வேலை வாங்கறார். பம்ப் ஹவுஸ்ல முப்பது வருஷம் வால்வு திருப்பின மனுஷன். இப்ப திருப்பறதுக்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

சேதி என்னன்னா, தோட்டத்துல ஒரு குழி. எலுமிச்சை மரத்துக்குப் பின்னால, மதில் ஓரமா. திங்கட்கிழமை காலையில துணி காயப்போடப் போனப்ப பார்த்தேன். முந்தின நாள் இல்லை. மண்ணை வாரி ஒரே பக்கமா குவிச்சிருக்கு. உள்ள இருட்டு. குச்சியை விட்டுப் பார்த்தேன், அடி தட்டலை. தினமும் புது மண் கிடக்கு, ஆனா தோண்டினது எதுன்னு கண்ணுல படலை.

நான் "நாயா இருக்கும்ப்பா"ன்னேன். அப்பா சிரிச்சார். "நாய் எலும்பைப் புதைக்கத் தோண்டும், வீடு கட்டவா தோண்டும்? உனக்கு என்ன தெரியும்? டாக்டருக்கு எழுது"ன்னார். டாக்டர்னா நீதான். நீ மிருக ஆஸ்பத்திரியில மருந்து கொடுக்கிற இடத்துல இருக்கேன்னு நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துட்டேன். தபால்காரர், பால்காரர், எதிர்வீடு, எல்லார்கிட்டயும் "என் சின்னவ டாக்டர்"தான். நான் எதிர்லயே நிக்கறேன், என்னைக் காட்டி "இது வீட்டுல இருக்கு"ங்கறார்.

அதனால எழுதறேன். டாக்டரம்மா பதில் போடவும். மூணு பள்ளிக்கூடத்துச் சட்டை தைக்க வந்திருக்கு. நூத்து இருபது காலர். கழுத்து ஒடியுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போயிடுச்சு, நான் சுகம். உன் கழுத்துக்கு ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கோ. அப்பாவைப் படியில இறங்கச் சொல்லி அவசரப்படுத்தாதே.

குழியைப் பத்திப் படிச்சதும் எனக்குக் கையும் காலும் ஓடலை. நம்ம தோட்டத்துல கால் வைச்சு நாலு வருஷம் ஆச்சு. யாரோ என்னைக் கேக்காமலே அங்க குடி வந்துட்ட மாதிரி இருக்கு.

அப்பா சிரிச்சாராமே? நாயாவும் இருக்கலாம்னு சொல்லு. குட்டி போடற நாள் நெருங்கினா சில பெட்டை நாய் ஆழமா வளை தோண்டும். கீரியா இருக்கலாம், உடும்பா இருக்கலாம், பெருச்சாளியா இருக்கலாம். அளவு தெரியாம எதையும் சொல்ல முடியாது. நீ டேப் எடுத்துக்கிட்டுப் போய் வாய் எத்தனை அங்குல அகலம்னு பார்த்து எழுது. சாயங்காலம் குழியைச் சுத்தி மெல்லிசா மாவு தூவி வை. காலையில தடம் பதிஞ்சிருக்கும். எத்தனை விரல்னு எண்ணு, அதுதான் முக்கியம். பக்கத்துல புழுக்கை, முள், செதில், இறகு ஏதாவது கிடக்கான்னும் பாரு. கையை மட்டும் உள்ள விடாதே.

இதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டு. லீவு கேட்டிருக்கேன். கிடைக்காது போல.

உன் அன்புத் தங்கை


பிப்ரவரி 18

தங்கச்சிக்கு,

இங்க எல்லாரும் சுகம். எல்லாரும்னா ரெண்டு பேர்.

உன் கடிதத்தை அப்பா மூணு தடவை படிக்கச் சொன்னார். நான் வேகமா படிக்கறேனாம். "நிறுத்தி, நிறுத்தி"ங்கறார். நாலாவது தடவை தபால்காரரை உட்கார வைச்சு. நான் நாய்னு சொன்னப்ப சிரிச்சவர், நீ "நாயாவும் இருக்கலாம்"னு எழுதினதும் "ஆமா, இருக்கலாம், குட்டி போடறதுக்குத் தோண்டும்"னு பாடம் நடத்தறார். "அதைத்தானேப்பா நான் அன்னைக்கே சொன்னேன்?"னு கேட்டேன். "நீ காரணம் சொன்னியா? அவ காரணம் சொல்றா பாரு"ன்னார்.

சரி, நீ கேட்டது. டேப் வைச்சு அளந்தேன். வாய் 4 அங்குலம். ரெண்டு தடவை அளந்தேன். தையக்காரி அளவு தப்பாது. மாவுல தடம் பதிஞ்சிருந்துச்சு. அஞ்சு விரல், மெல்லிசா, கீறின மாதிரி. புழுக்கை எதுவும் இல்லை.

வேற விசேஷம் இல்லை. உனக்கு லீவு கிடைக்கலைன்னதும் அப்பா, "பாவம், எத்தனை உயிர் அவளை நம்பி இருக்கு"ன்னார்.

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும்,

நான் நலம். நீங்க ரெண்டு பேரும் அப்படியே இருக்கணும்.

கண்டுபிடிச்சாச்சு! அது பெருச்சாளி. நாய் இல்லவே இல்லை. நாய்க் கால் பதிஞ்சா நாலு விரல்தான் தெரியும். அஞ்சு விரலும் தினமும் புது மண்ணும்னா எலி ஜாதி. அதோட நாலு அங்குல வாய்க்குள்ள நாயோட தலைகூட நுழையாது. அக்கா அளவு எடுத்துக் கொடுத்ததால சுலபமாப் போச்சு.

பெருச்சாளி விட்டா மதில் அடியைக் குடைஞ்சுடும், மூடிடறது நல்லது. விஷம் வைக்க வேண்டாம். ஆனா மூடறதுக்கு முன்னால ரெண்டு நாள் காய்ஞ்ச இலையை வாயில அடைச்சு வையுங்க. இலை கலையாம இருந்தா உள்ள எதுவும் இல்லைன்னு அர்த்தம். அதுக்கப்புறம் கல்லும் செங்கல்லும் போட்டு மேல சிமெண்ட் பூசினா போதும்.

அப்பா, குளிர்ல வாசல்ல ரொம்ப நேரம் உட்காராதீங்க.

உங்கள் அன்பு மகள், தங்கை


மார்ச் 4

தங்கச்சிக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் எழுது.

உன் கடிதம் வந்த நிமிஷத்துல இருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியலை. என்னைப் பார்த்து "நாயாம், நாய்"ங்கறார். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற கொத்தனாருக்கு ஆள் விட்டாச்சு. நாளைக்குக் காலையில வர்றார். "டாக்டர் சொல்லியாச்சு"ன்னு ஒரே பேச்சு.

உனக்கு ஒண்ணு தெரியுமா? நீ இங்க இல்லாமலே இந்த வீட்டுல நடமாடறே. நான் நடந்து நடந்து தேயறேன், சத்தம்கூட யாருக்கும் கேக்கறதில்லை.

காலர் எண்பது முடிஞ்சுது.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ரெண்டு வாரமா உன் கடிதம் இல்லை. சுகமா இருக்கேன்னு நான் எழுதறதுல அர்த்தமே இல்லை, மனசு அங்கேயேதான் கிடக்கு. அப்பா மறுபடி விழுந்துட்டாரா? இல்லை, போன கடிதத்துல எழுதினதுக்கு நான் பதில் போடலைன்னு கோபமா? அதுக்கு என்ன பதில் எழுதறதுன்னு தெரியாமத்தான் இருந்தேன் அக்கா. கோபம்னா கோபம்னு ஒரு வரி எழுதிப் போடு. சும்மா இருக்காதே.

உன் தங்கை


மார்ச் 24

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. என் உடல்நிலை: குறை இல்லை. உன் அக்காவின் உடல்நிலை: கீழே விவரம். நீ நலமாக இருக்க வேண்டும்.

பம்ப் ஹவுஸ் பதிவேட்டைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லாதவன். அதே முறையில் எழுதுகிறேன்.

மார்ச் 5. காலை 9.10: கொத்தனார் வருகை. "பெருச்சாளிக்கு இவ்வளவு பெரிய வாயா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற உன் அக்கா பதில் சொல்லவில்லை. நான் படிக்கு மேலிருந்து, "டாக்டர் சொல்லியாச்சு, மூடு" என்றேன். 9.50: வேலை முடிந்தது.

பிற்பகல் 2.15: மரத்துக்குப் பின்னால் நாய் அழுகிற சத்தம். பழுப்பு நிறப் பெட்டை. மடி கனத்துத் தொங்குகிறது. காயாத சிமெண்டைப் பிறாண்டுகிறது. மூக்கில் ரத்தம்.

2.20: உன் அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். பார்த்தாள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. சிமெண்டை உடைத்தாள், கல்லையெல்லாம் கையால் பிடுங்கினாள், தரையில் படுத்துத் தோள் வரை கையை உள்ளே விட்டாள். ஒவ்வொன்றாகக் குட்டிகளை வெளியே எடுத்தாள். மூன்றாவது குட்டியை எடுக்கும்போது தாய் நாய் அவளுடைய வலது மணிக்கட்டைக் கவ்வியது. கையை இழு என்று கத்தினேன். அவள் இழுக்கவில்லை. இழுத்தால் குட்டி உள்ளே விழுந்துவிடும்.

அந்த நேரத்தில் நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று படி. எப்படி இறங்கினேன் என்று பதிவு இல்லை.

குட்டிகள் ஐந்து. உயிருடன் நான்கு.

ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல். நரம்பு ஒன்று அறுந்திருக்கிறது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாய்க்கு வெறி இல்லை, குட்டிகளோடு மரத்தடியில்தான் இருக்கிறது. சட்டை வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். மீதிக் காலர்களைப் பள்ளிக்கூடத்தார் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதை அவள் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு வேலை இப்போது என்னுடையது. தினமும் அவளுக்கு டீ போடுகிறேன். குடித்துவிட்டு முகம் சுளிக்கிறாள். ஆனால் குடிக்கிறாள். நாற்பத்தொரு வயதாகிறது அவளுக்கு. நான் அவளுக்கு டீ போடுவது இதுதான் முதல் தடவை.

ஒரு விஷயம். குழியை நான் டேப் வைத்து அளந்தேன். ஒரு பக்கம் மட்டும் உடையாமல் இருந்தது, அதை வைத்துக் கணக்கிட்டேன். 14 அங்குலம். உன் கடிதத்தில் நான்கு என்று இருக்கிறது. பிழை எங்கே என்று தெரியவில்லை. நீ பார்க்கவும்.

அவள் என்னை எழுதச் சொல்லவில்லை. நானாகவே எழுதினேன்.

அப்பா


மார்ச் 31

அக்காவுக்கு,

கை எப்படி இருக்கு? ஊசி எல்லாம் தவறாம போட்டுக்கிட்டியா? ஒண்ணுகூட விடக்கூடாது. காயத்துல சீழ் வைச்சா அப்பாவை உடனே எழுதச் சொல்லு.

உன் பழைய கடிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 4ன்னுதான் எழுதியிருக்கே. ஒரு ஒண்ணு விட்டுப்போச்சுன்னு நான் நம்பத் தயாரா இருக்கேன். காலர் தைச்சு அலுத்துப்போய் எழுதினே, விட்டுப்போயிருக்கலாம். ஆனா அஞ்சு விரலும் விட்டுப்போனதுதானா?

ஏன்க்கா? நான் தப்பாச் சொல்லணும்னா?

இன்னொண்ணும் எழுதிடறேன், எழுதலைன்னா வெடிச்சுடுவேன். நான் வீட்டை விட்டு வந்து பதினாறு வருஷம் ஆகுது. அப்பா எனக்கு ஒரு வரி எழுதினதில்லை. உன் கடிதத்து ஓரத்துல "ஆசிகள்"னு கிறுக்குவார், அவ்வளவுதான். இப்பதான் முதல் தடவையா ஒரு முழுக் கடிதம் வந்துச்சு. நாலு பக்கம். படிச்சேன். நாலு பக்கத்துலயும் நீதான். நீ ஓடினது, நீ படுத்தது, நீ டீ குடிச்சது, நீ முகம் சுளிச்சது. நான் எங்க வர்றேன்னா, பிழையைப் பார்க்கிற இடத்துல.

நீ அடிபட்டுக் கிடக்கிறே, எனக்கு அந்தக் கட்டுப் போட்ட கைமேல பொறாமையா இருக்கு. என்னைத் திட்டிக்கோ.

தங்கை


ஏப்ரல் 10

தங்கச்சிக்கு,

இடது கை. எழுத்து கோணும், பொறுத்துக்கோ. கட்டு பிரிச்சாச்சு. ஊசி முடிஞ்சுது. விரல் ரெண்டும் மடங்கலை. அப்பா சுகம். உன்னைத் திட்டற நிலைமையில நான் இல்லை.

மறதி இல்லை. டேப்புல பதினாலுன்னு பார்த்தேன். 4ன்னு எழுதினேன். மாவுல நாலு விரல் பதிஞ்சிருந்துச்சு, நடுவுல ஒரு திட்டு, பூ மாதிரி. நாய்க் கால்னு பச்சைக் குழந்தைக்கும் தெரியும். காலால அழிச்சுட்டு வந்து அஞ்சுன்னு எழுதினேன்.

நாய்னு முதல்ல சொன்னது நான். நீ ஒரு வரி எழுதினதும் அதுவும் உன் பேருக்குப் போயிடுச்சு. அது நாய்தான்னு ஒருநாள் எல்லாரும் கண்ணால பார்ப்பாங்க, டாக்டர் தப்பு, இவதான் சரின்னு அப்பா ஒரே ஒரு தடவை சொல்வார்னு நினைச்சேன். அவ்வளவுதான் ஆசை. சிமெண்ட் வரைக்கும் புத்தி போகலை.

இலையை அடைச்சு வைக்கச் சொல்லி நீ எழுதியிருந்த வரியை அப்பாவுக்கு நான் படிக்கவே இல்லை. உன் கடிதத்தைச் சத்தம் போட்டுப் படிச்சுப் படிச்சு வாய் வலிச்சுப் போயிருந்துச்சு.

கொத்தனார் கேட்டப்ப சொல்லியிருக்கலாம். சொன்னா பதினாலுன்னு ஒத்துக்கணும். நாய் வெளியே எங்கேயோ திரியுது, வேற இடம் பார்த்துக்கும்னு வாயை மூடிக்கிட்டேன். குட்டி போட்டிருந்தது தெரியாது. சத்தியமாத் தெரியாது.

அஞ்சாவது குட்டி என் உள்ளங்கை அளவுதான் இருந்துச்சு. சூடு இன்னும் போகலை.

அப்பாகிட்ட நான் சொல்லலை. நீ சொல்லணும்னா சொல்லு. சொல்ல உனக்கு உரிமை இருக்கு.

என் கைமேல பொறாமைன்னு எழுதினியே, அதைப் படிச்சப்ப கொஞ்சம் இதமா இருந்துச்சு. நான் எப்படிப்பட்டவன்னு பார்த்துக்கோ.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமில்லைன்னு தெரியும், அதனால கேக்கலை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேன்னு சொல்லமாட்டேன். கோபம் இருக்கு. அந்த அஞ்சாவது குட்டிக்காக இருக்கு. ஆனா நேர்ல பார்க்காம, இங்க உட்கார்ந்துக்கிட்டு "நாய் இல்லவே இல்லை"ன்னு அடிச்சு எழுதினது நான்தானே. டாக்டர்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் கொஞ்சம் ஏறியிருந்துச்சு.

அப்பாவுக்குத் தனியா எழுதிட்டேன். உன் கடிதம் தபால்ல மழையில நனைஞ்சு வந்துச்சு, 14ல ஒண்ணு அழிஞ்சுபோச்சு, நாலுன்னு படிச்சது என் தப்புன்னு. இனிமே அந்தப் பேச்சு வேண்டாம்.

இப்ப நான் சொல்றதைக் கேளு. இங்க கைக்குன்னே ஒரு வைத்தியசாலை இருக்கு. நரம்பு அறுந்தவங்களுக்கு விரலை மடக்கப் பயிற்சி கொடுக்கறாங்க. ஒரு மாசம் தினமும் போகணும். உனக்கு நாள் வாங்கியிருக்கேன். எனக்கும் ஒரு மாசம் லீவு கிடைச்சிருச்சு. அப்பாவைத் தனியா விட முடியாது. அதனால மே ஒண்ணாம் தேதி காலையில நான் அங்க வந்து இறங்கறேன், மத்தியான வண்டிக்கு நீ கிளம்பு. என் அறையில இருந்துக்கோ. மூணாவது மாடி, சாவி வீட்டுக்காரம்மாகிட்ட இருக்கும். அடுப்புல இடது பக்கம் எரியாது.

நான் வேலை பார்க்கிற இடத்துக்கு மட்டும் போக வேண்டாம். நாத்தம் உனக்கு ஒத்துக்காது. அங்க யாருக்கும் பேசவும் நேரம் இருக்காது.

நேர்ல பார்த்தா நாம ரெண்டு பேரும் ஒண்ணும் பேசமாட்டோம்னு தெரியும். அதான் எல்லாத்தையும் எழுதிட்டேன்.

உன் தங்கை


மே 11

தங்கச்சிக்கு,

நான் உன் அறையில நல்லா இருக்கேன். இது வலது கை எழுத்து. பென்சிலை மூணு விரலால பிடிக்கறேன், நாலாவது சும்மா கூட வருது. அப்பாவுக்கு இடுப்பு எப்படி இருக்கு? படியில இறங்கறாரா?

உன் அறையைப் பத்தி நான் மனசுல வேற ஒண்ணு கட்டி வைச்சிருந்தேன். பெரிய ஜன்னல், புத்தக அலமாரி, வெள்ளைக் கோட்டு மாட்டின ஆணி. ஜன்னலைத் திறந்தா எதிர்க் கட்டடத்துச் சுவரும் தண்ணிக் குழாயும்தான் தெரியுது. ஒரு தட்டு, ஒரு டம்ளர். கதவுக்குப் பின்னால முட்டி வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ். மருந்து கொடுக்கறவளுக்கு எதுக்கு இதுன்னு முதல் நாளே தோணுச்சு.

போக வேண்டாம்னு சொன்னே. போனேன். கை வைத்தியசாலையும் உன் ஆஸ்பத்திரியும் ஒரே தெருன்னு நீ எழுதலை. நல்ல எண்ணத்தோட போகலை. நீ உட்கார்ற இடத்தை ஒரு தடவை கண்ணால பார்த்து வயிறு எரிஞ்சுட்டு வரலாம்னு போனேன்.

வாசல்ல இருந்தவர்கிட்ட உன் பேரைச் சொல்லி, மருந்து கொடுக்கிற இடம்னேன். "அங்க அப்படி யாரும் இல்லையே"ன்னார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டு, "ஓ, கூண்டு கழுவறவங்களுக்கு அக்காவா? அவங்க லீவாச்சே"ன்னார். பின்பக்கம் வழி காட்டினார்.

மறைக்காம எழுதறேன். சந்தோஷமா இருந்துச்சு. அந்த நீள நடையில நடக்கறப்ப, அப்பாவுக்கு என்ன எழுதலாம்னு வரி வரியா வந்துச்சு. "உங்க டாக்டரைப் பார்த்தேன்"னு ஆரம்பிக்கலாம்னு நினைச்சேன்.

நடை முடியற இடத்துல கூண்டு வரிசை. உனக்குப் பதிலா வந்தவங்க உன்னை மாதிரியே பூட்ஸ் போட்டு, குழாயைப் பிடிச்சு அடிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் யாருன்னு சொன்னதும் குழாயைக் கீழ போட்டுட்டாங்க. "சீக்கிரம் வரச் சொல்லுங்க. மூணாவது கூண்டுல இருக்கிறது அவங்க வந்தாத்தான் சாப்பிடும்"னாங்க. மூணாவது கூண்டுல ஒரு கிழட்டு நாய், முன்னங்கால் கட்டு. ஈரத் தரையில அதோட தடம் வரிசையா பதிஞ்சிருந்துச்சு. பக்கத்துக் கூண்டுல பூனைத் தடம். அதுக்கு அடுத்தது முயல். அதையெல்லாம் பார்த்துக்கிட்டு நின்னேன். எந்த மிருகத்துக்கு எத்தனை விரல்னு நீ புத்தகத்துல படிக்கலை. தினம் தினம் தடத்தைக் கழுவிக் கழுவிக் கத்துக்கிட்டிருக்கே.

அங்க ஒரு பெஞ்சு கிடந்துச்சு, உட்கார்ந்துட்டேன். அப்பாவுக்கு எழுத வைச்சிருந்த வரியெல்லாம் போயிடுச்சு. பொறாமை போயிடுச்சுன்னு சொல்லமாட்டேன். எதைப் பார்த்து இத்தனை வருஷம் வயிறு எரிஞ்சேனோ அது அங்க இல்லை. இப்ப அதை எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு தெரியலை.

அப்பாவுக்கு நான் எழுதலை. எழுதவும் மாட்டேன். இந்தக் கவரை உன் கையில மட்டும் கொடுக்கச் சொல்லி மேல எழுதியிருக்கேன். அந்தத் தபால்காரர்தான், அப்பா எதிர்ல பிரிச்சுப் படிக்கச் சொல்லாம இருக்கணும்.

மூணாவது கூண்டுக்குத் தினமும் போறேன். கொஞ்சம் சாப்பிடுது.

அக்கா


மே 19

என் அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அப்பா நல்லா இருக்கார். நாலாவது விரல் நல்லா வரணும்.

உன் கடிதத்தை மரத்தடியில உட்கார்ந்து படிச்சேன். பக்கத்துல குட்டிங்க உருண்டுக்கிட்டிருந்துச்சு. படிச்சு முடிச்சதும் எழுந்து நேரா அப்பாகிட்ட போனேன். உட்கார்ந்தா தைரியம் போயிடும்னு நின்னுக்கிட்டே சொன்னேன். "நான் டாக்டர் இல்லப்பா. மருந்து கொடுக்கறவளும் இல்லை. அந்தப் பரீட்சையில தேறலை. பதினாலு வருஷமா கூண்டு கழுவறேன்."

அப்பா தடியைச் சுவர்ல சாய்ச்சு வைச்சார். "ஒரு நாளைக்கு எத்தனை கூண்டு?"ன்னார்.

"நாப்பத்திரண்டு."

"தண்ணி வேகம் எப்படி?"

"காலையில நல்லா வரும். பத்து மணிக்கு மேல சொட்டும்."

"குழாய் எத்தனை அங்குலம்?"

எனக்குத் தெரியலைன்னேன். "பதினாலு வருஷமா பிடிக்கறே, தெரியாதா?"ன்னு கோபம் வந்துடுச்சு அவருக்கு. டாக்டர் இல்லைங்கறதுக்கு வரலை, இதுக்கு வந்துச்சு. அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்து, மேல தொட்டி எங்க இருக்கு, வால்வு எங்க இருக்குன்னு கேட்டுக் கேட்டுப் படம் போட்டார். மத்தியானம் வரைக்கும் போட்டார். மறுநாள் தபால்காரர் வந்தப்ப, "என் சின்னவளும் தண்ணி வேலைதான், என்னை மாதிரி"ன்னார். நான் உள்ள போய் அழுதேன்.

இன்னொண்ணு. மழையில நனைஞ்ச கடிதம்னு எழுதினேனே, அதை அவர் ஒரு நாள்கூட நம்பலை. "பிப்ரவரி முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை, நான் எழுதி வைச்சிருக்கேன்"னு நோட்டை எடுத்துக் காட்டினார். "அப்ப ஏம்ப்பா கேக்கலை?"ன்னேன். "அவ அளவு தப்பாது. எழுதறப்ப தப்பியிருக்கான்னா அதுக்கு நான்தானே காரணம்"னார்.

ஒரு குட்டியைக் கொத்தனார் கொண்டுபோனார். ஒண்ணு எதிர்வீட்டுக்குப் போச்சு. மிச்சம் ரெண்டும் தாயும் இங்கதான். அப்பா தினமும் மூணு படியும் தடியில்லாம இறங்கறார்.

இதெல்லாம் நல்ல சேதி. நல்லா இல்லாததையும் எழுதறேன், நீ எழுதினியே. காலையில எழுந்ததும் "பெரியவ கடிதம் வந்துச்சா?"ங்கறார். சாப்பிடறப்ப "பெரியவ அங்க என்ன சாப்பிடறாளோ"ங்கறார். நேத்து தூக்கக் கலக்கத்துல என்னைப் பார்த்து உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான்தான் வந்திருக்கேன்னு சொன்னதும், "தெரியும், தெரியும்"னு திரும்பிப் படுத்துக்கிட்டார். நீ இல்லாமலே இங்க நடமாடறேக்கா. நான் நாலு வருஷம் கழிச்சு வந்திருக்கேன், சட்டியைக்கூட நீ வைக்கிற இடத்துல வைக்கலைன்னு வாங்கிக் கட்டிக்கறேன்.

கை சரியானதும் வா. உன் மெஷின் மேல துணி போட்டு மூடி வைச்சிருக்கேன், யாரையும் தொட விடலை. லீவை நீட்டிக்கச் சொல்லி எழுதிட்டேன். மூணாவது கூண்டை நீ பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்.

வா, ஆனா உடனே வந்துடாதே. அவர் இன்னும் என்னைச் சரியாப் பார்க்கலை. இன்னும் பத்து நாள் அவரை எனக்குக் கொடு.

உன் தங்கை